கோட்டுக்கு வெளியே

நிறுவனத்தின் இணையதளத்தில் அவளுடைய வேலை இப்படி விவரிக்கப்பட்டிருந்தது: "இயந்திரம் தவறவிடுவதைக் கண்டுபிடித்துத் திருத்தும் சுதந்திரமான மனித அறிவு." அறிவைப் பற்றி வாதாடலாம். சுதந்திரம் அந்த அலுவலகத்தில் எந்த மேஜையிலும் இல்லை.

ஸ்கேன் படத்தில் நுரையீரல் எங்கே முடிகிறது என்று இயந்திரம் பச்சைக் கோடு போடும். அந்தக் கோட்டுக்கு உள்ளே மட்டும் இன்னொரு மென்பொருள் கட்டி தேடும். கோடு கோணினால் அவள் திருத்த வேண்டும். ஆனால் அவளுக்கு மதிப்பெண் போடுவதும் அதே இயந்திரம்தான். தன் கோட்டோடு ஒத்துப்போனால் தாராளமாகப் போடும். திருத்துவதற்குச் சம்பளம், திருத்தினால் தண்டனை. இப்படி யோசிக்க நிறையப் படித்திருக்க வேண்டும்.

வீட்டில் அவள் கணவனின் அக்கா அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவாள். "கோடு போடுற டாக்டரம்மா, என் இருமலுக்கு ஒரு கோடு போடேன்." அந்த நாத்தனாருக்குப் பிறவியிலேயே ஒரு விலா எலும்பு கவைக்குச்சி மாதிரி நுனியில் பிளந்திருந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் வருவதற்குள் இந்தப் பெருமை வந்துவிடும்.

இருமல் நிற்காமல் நாத்தனார் ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். அந்த வாரமே, பெயரில்லாத படம் ஒன்றில், கவை விலா அவள் திரையில் வந்து நின்றது. பக்கத்திலேயே, மார்புச் சுவரோடு ஒட்டி ஒரு கட்டி. இயந்திரம் அதையும் சுவர் என்றே எடுத்துக்கொண்டு, கோட்டை அழகாக உள்ளே வளைத்து, கட்டியை வெளியே தள்ளியிருந்தது.

அவள் கோட்டை இழுத்துக் கட்டியைச் சேர்த்தாள். மதிப்பெண் சரிந்து திரை சிவந்தது. மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"மிஷினோட மல்லுக்கட்டாதீங்கம்மா. பெர்மனென்ட் ஆகணுமா வேண்டாமா?"

"கட்டி வெளிய போயிடுச்சு சார். அது எங்க அண்ணியோட படம்."

"யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியவே கூடாது. வெளிய மூச்சு விட்டீங்க, வேலையும் போகும், கேஸும் வரும்." குனிந்து பார்த்தார். "நுரையீரலுக்கு வெளிய இருந்தா அது நம்ம வேலை இல்ல."

மறுநாள் நாத்தனார் இருமிக்கொண்டே உள்ளே வந்தாள். "நுரையீரல் சுத்தமா இருக்காம். நேத்து ராத்திரி முழுக்க மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருந்தியே, ஏமாந்துட்டியா டாக்டரம்மா?"

"நல்லது அண்ணி" என்றாள் அவள்.

அந்தக் கட்டியை உலகத்தில் பார்த்தவர்கள் இரண்டே பேர். முந்தின நாள் மேற்பார்வையாளர் நகர்ந்ததும், அவள் தான் சரியாகப் போட்ட கோட்டை அழித்து, இயந்திரத்தின் கோட்டுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு அடுத்த படத்தைத் திறந்திருந்தாள்.