தடைக்காலத்து லீவு

எங்கள் ஊரில் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். வருஷம் முழுக்க இருட்டில் கடலுக்குப் போய் இருட்டில் திரும்புகிற அப்பா, அந்த இரண்டு மாசம்தான் கரையில் இருப்பார்.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம், லீவை வீணாக்கக் கூடாதென்று காலையில் டைப்ரைட்டிங், மத்தியானம் கம்ப்யூட்டர், சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

"ஏளா, நம்ம போட்ட கரையில ஏத்தி பெயிண்ட் அடிக்கோம். ஒருநாள் வந்து பாரு. தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்குற அடிப்பாகத்த நீ பாத்ததே இல்லல்லா?" என்றார் அப்பா.

"உங்கள மாதிரி நானும் சும்மா இருக்கவாப்பா?" என்றேன். என்ன வாயோ எனக்கு! அப்பா அப்புறம் கேட்கவே இல்லை.

வகுப்பெல்லாம் முடிந்தபின் நானாகப் போனேன். முந்தின நாளே போட்டைக் கடலில் இறக்கிவிட்டிருந்தார்கள். அதைத் தாங்கிய கட்டைகள்தான் பெயிண்ட் சொட்டிக் கிடந்தன.

அந்த மூன்று சர்டிபிகேட்டையும் இன்றுவரை எவரும் கேட்டதில்லை.

மறு வருஷம் சென்னை ஹாஸ்டலில் இருந்தேன். அப்பா போன் பண்ணினார்.

"போட்டு கரையேறிட்டுளா."

நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "சரி, நீ படி. நான் சும்மாதான இருக்கேன்."