ஏணியில் தடவிய ஜெப எண்ணெய்

முருகேசன் ஏணியிலிருந்து விழுந்தது என் கண் முன்னால்தான். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் பீல்டு சூப்பர்வைசராக இருந்தேன். மிளகு சீசன். அவன் விழுந்ததைவிட, பிறகு நடந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் உயரமாக ஏறியிருக்கும். மூங்கில் ஏணி சாத்தித்தான் பறிக்க வேண்டும். எங்கள் ஏணியின் படிகள் உளுத்துப் போயிருந்தன. மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவர் எங்கள் சபையில் கமிட்டி மெம்பர். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஜெபம் செய்த பிறகுதான் வேலைக்கு அனுப்புவார். அன்று ஜெபம் முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். ஏதோ ஜெபக் கூட்டத்தில் மந்திரித்ததுபோல் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய். ஏணியின் ஒவ்வொரு படியிலும் சிலுவை போட்டுத் தடவினார்.

"ஐயா, எண்ணெய் வழுக்குமுங்க. படியும் உளுத்துக் கெடக்குது. புது ஏணி வாங்கிரலாமுங்க" என்றேன்.

"நீயெல்லாம் ஒரு கிறிஸ்தவனா ஞானராஜ்? விசுவாசம் வேணும்பா."

கோணிச்சாக்கை எடுத்துத் துடைக்கப் போனேன். தடுத்துவிட்டார். "ஏறு கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்றார் முருகேசனிடம். நான் வேண்டாமென்று கத்தினேன். கூலிக்கு வந்தவன் மேனேஜர் பேச்சைத்தானே கேட்பான்? ஏறினான். பாதியில் வெறுங்கால் வழுக்கியது. பிடித்த படி கையோடு பெயர்ந்து வந்தது. வலது கை முறிந்துவிட்டது.

ஞாயிறு ஆராதனையில், கடவுள் செய்த நன்மையை எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்ததும் மேனேஜர் எழுந்தார். "எங்க ஆளு ஒருத்தன் ஏணியில இருந்து விழுந்தும் உயிர் தப்பிச்சான். நான் எண்ணெய் பூசி ஜெபிச்ச ஏணி அது. கர்த்தர் காப்பாத்தினார்!"

சபை முழுக்க "அல்லேலூயா" என்றது. என் ரத்தம் கொதித்தது. தன் தப்பை மூட இந்த மனிதருக்குக் கடவுள்தானா கிடைத்தார்? எழுந்து நின்றேன்.

"கோயில் உச்சியில நிறுத்தி, குதி, தேவதூதருங்க தாங்கிக்குவாங்கன்னு இயேசுகிட்ட சொன்னது ஆருங்க? பிசாசுதானுங்களே! முருகேசன்கிட்ட இவரு சொன்னதும் அதேதானுங்க. ஏணி உளுத்துப்போச்சுன்னு நான் சொன்னனா இல்லியான்னு கேளுங்க!"

"உக்காருங்க ஞானராஜ், பொறவு பேசிக்கலாம்" என்றார் ஆயர்.

"பொறவு பேசுனா அவன் கை கூடிருமுங்களா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். நேராகக் கிளியூரில் முருகேசன் வீட்டுக்குப் போனேன். அவன் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். பெண்டாட்டி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ண்ணா," என்றான் மெதுவாக. "எனக்கு விசுவாசம் பத்தாமத்தான் உழுந்துட்டன்னு மேனேஜர் ஐயா ஊட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாருங்க. நானு உங்க சாமியக் கும்புடாததுதான் தப்புங்களா?"

சபையில் ஒரு பேச்சு, இவனிடம் வேறு பேச்சு! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன எனக்கு.

"இல்ல சாமி. உம்மேல ஒரு தப்பும் இல்ல. படி உளுத்துப்போச்சு, அதுல எண்ணெயும் தடவுனாங்க. அதனாலதான் உழுந்த."

மறுநாள் அந்த ஏணியை நானே வெட்டி அடுப்புக்கு அனுப்பினேன். புது ஏணி வந்த பிறகே ஆட்களை மரத்துக்கு விட்டேன்.

எஸ்டேட் வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெபம் செய்யுங்கள். கண்ணைத் திறந்ததும் ஏணியைப் பாருங்கள்.