பொட்டலில் நான் பார்த்த பாம்பு

நாயுருவி விதை பாவாடையில் ஒட்டினால் உதறிப் போகாது. ஒவ்வொன்றாகக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும், எடுக்கும்போது விரல் நுனியில் சுருக்கென்று குத்தும். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற வரையில் என் சாயங்காலங்கள் வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கிள்ளுவதிலேயே போயின. பள்ளிக்கூடம் விட்டதும் எனக்குப் போக்கிடம் ஒன்றுதான்: தெருக்கோடியில் இருந்த 'பொட்டல்'.

கோச்சடையில் எங்கள் காலனியை பிளாட் போட்டு விற்றவர்கள், வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை வர்ணம் அடித்துப் பூங்கா என்று எழுதியிருந்தார்கள். எழுதியதோடு சரி. பேர்தான் பொட்டலே தவிர, மழைக்குப் பிறகு அதற்குள் கால் வைக்க இடம் இருக்காது. ஆவாரை, எருக்கு, தும்பை, துத்தி, பூளை, வேலியில் படர்ந்த கோவை, நடுவில் இரண்டு உடைமரம். எதையும் யாரும் நடவில்லை, எதற்கும் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எருக்கிலைக்கு அடியில் இருக்கும் வரிப்புழு கூடு கட்டி, ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியாக வெளியே வருவதை மூன்று தடவை முழுசாகப் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டுக் காட்டத்தான் ஆள் இல்லை.

ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா திருவாதவூர்க்காரர். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர். அப்பா படித்து, அரசாங்கத்தில் எழுத்தர் வேலை வாங்கி, அந்தக் காலனியில் வீடு கட்டினார். தெருவில் எல்லோரும் சிரித்துப் பேசுவார்கள், ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள்.

ஒரு மார்கழியில் பொட்டலில் சாரைப்பாம்பு ஒன்றைப் பார்த்தேன். மஞ்சளும் பழுப்புமாக, நீளமாக. என்னைப் பார்த்ததும் ஆவாரைக்குள் ஓடிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூட வேனில், நல்லபாம்பு என்றும் படம் எடுத்தது என்றும் சொன்னேன். சாரை என்று சொன்னால் யார் வருவார்கள்?

வந்தார்கள், ஆறு பேர். எதிர்வீட்டு ரமேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புட்டு நீளம்டி? ஒன்னைய ஒன்னும் செய்யலையா?" என்று கேட்டான். இரண்டு சாயங்காலம் நான் முன்னால் நடந்தேன், அவர்கள் பின்னால் வந்தார்கள். புழுவைக் காட்டினேன். கோவைப்பழம் பறித்துக் கொடுத்தேன். என் கையால் கொடுத்ததைத் தின்றார்கள்.

மூன்றாம் நாள் காலனி சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் தடவை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"நாகம் கெடக்குதாம் சார், ஒங்க மகதான் பாத்திருக்கு. புள்ளைக நடமாடுற எடம். பொங்கலுக்குள்ள வெட்டிச் சுத்தம் பண்ணிப்புடணும். நமக்கு இந்த வேலையெல்லாம் பழக்கமில்ல பாருங்க, ஒங்க ஊர்ல ஆள் இருப்பாங்கள்ல?"

"அதுக்கென்னண்ணே, நான் கூட்டியாரேன்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற நான், அது வெறும் சாரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஆறு பேரும் போய்விடுவார்கள்.

சித்தப்பாவும் நாலு பேரும் ஊரிலிருந்து வந்து இரண்டு நாள் வெட்டினார்கள், வேரோடு தோண்டி எரித்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் பாம்பு வெளியே வந்தது.

"அட, சாரைப்பா இது! எலி திங்கிறது. இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று சித்தப்பா சிரித்தார்.

"எதுவா இருந்தா என்ன, பாம்பு பாம்புதான்" என்று தலைவர் சொல்ல, ரமேஷின் அப்பா கம்பை எடுத்து அடித்தார். ரமேஷ் என்னைப் பார்த்து, "பொய்க்காரி" என்றான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. மற்றவர்களும்தான்.

போகி வந்தது. வீட்டு வாசலில் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேண்டும், வருஷா வருஷம் மொத்தத் தெருவும் பொட்டலில்தான் பறிக்கும். அன்றைக்கும் பையோடு வந்து, கரிந்து கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்டினால் பூவும் போய்விடும் என்று ஒருவருக்கும் முன்பே தோன்றவில்லை.

"ஒரு கொத்தாச்சும் விட்டு வெட்டக் கூடாதா?" என்று தலைவரின் மனைவி கேட்டார்.

"வெட்டுனவங்களுக்குல்ல அந்தப் புத்தி இருக்கணும்" என்றார் தலைவர். அப்பா பக்கத்தில்தான் நின்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், மேலூர்ப் பக்கத்திலிருந்து விற்க வந்த கட்டுகளை வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தார். அதை மட்டும் எல்லோரும் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது அந்த இடம் நிஜமாகவே பூங்கா. சிமெண்ட் கல் பாவிய நடைபாதை, லாரியில் வந்த புல், பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி, பூட்டு. ஒரு பட்டாம்பூச்சி கிடையாது. அந்தப் புல்லில் வந்து அது எதைத் தின்னும்? போன மாதம் குடியிருப்போர் கூட்டத்தில், கிழக்கு மூலையை மட்டும் வெட்டாமல் விடுங்கள், ஆவாரையும் எருக்கும் தானாக வரட்டும் என்று கேட்டேன்.

"காடு வேணும்னா அழகர்மலைக்குப் போங்க மேடம், பஸ் இருக்கு" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது ரமேஷ்தான் சங்கச் செயலாளர். அவனைப் பார்த்து, "அன்னைக்கு நான் பாத்தது சாரைதான். பொய் சொன்னது நான்தான்" என்றேன்.

"எந்தப் பாம்பும்மா? இங்க செடியெல்லாம் ஏது? வெறும் மண்ணாத்தான கெடந்துச்சு" என்றான்.

அவன் நடிக்கவில்லை, உண்மையாகவே மறந்திருந்தான். அங்கே என்ன இருந்தது என்று தெரிந்த ஆள் இந்தக் காலனியில் இனி நான் ஒருத்திதான். அழிந்தது என்னவென்று அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வரைக்கும், வீட்டுக்கு யார் வந்தாலும் ஜன்னல் வழியாக அந்த இடத்தைக் காட்டி, "நாந்தேன் ஆள் விட்டு சுத்தம் பண்ணிக் குடுத்தேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.