ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேல் தட்டிலிருந்து வெல்ல டப்பாவை நானே எடுத்தேன்.

இதில் என்ன செய்தி என்கிறீர்களா? எட்டு மாதத்துக்குப் பிறகு எடுத்தேன். அதுவும் வலது கையால். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, “பரவாயில்லையே” என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

என் தோள்பட்டை இறுகிப்போன கதையை இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுதியவர்களுக்கு நன்றி. இப்போது தேவலை. தலை பின்ன முடிகிறது. முதுகு அரித்தால் மட்டும் இன்னும் ஆள் தேவைப்படுகிறது.

ஆனால் இந்த வாரம் சொல்ல வந்தது என் தோளைப் பற்றி அல்ல. இன்னொருவரின் மணிக்கட்டைப் பற்றி.

நான் போகும் பிசியோதெரபி கிளினிக் புத்தூரில் ஒரு மாடியில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து புத்தூருக்கு ஒரு பஸ். மத்தியானம் மூன்று மணிக்கு என் நேரம். நான்கு கட்டில்கள், நடுவில் பச்சைத் திரைகள். ஒத்தடத்துக்கு உருக்கிய மெழுகின் வாசனை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படுத்தால், தோளின் மேல் சூடான பையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கண் செருகும். ஃபேன் சத்தம், மெஷினின் ரீங்காரம், கீழே தெருவில் யாரோ பூ விற்கும் குரல்... எது வெளியே கேட்கிறது, எது கனவுக்குள் கேட்கிறது என்று பிரிக்க முடியாது. சூடு தோளில் இறங்கி, முழங்கையில் இறங்கி, விரல் நுனி வரைக்கும் வந்து சேரும்போது நான் பாதி தூக்கத்தில் எங்கோ மிதந்துகொண்டிருப்பேன்.

சுவரில் ஒரு படம் உண்டு. தோல் இல்லாத மனிதர் ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்பார். சிவப்பாகத் தசைகள், வெள்ளையாகத் தசைநாண்கள், மஞ்சளாக நரம்புகள். முதல் வாரம் அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டார்.

எனக்குச் சிகிச்சை செய்யும் பெண்ணின் பெயர் நஸ்ரின். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதல் நாளே என் நோயை இரண்டு வரியில் முடித்துவிட்டாள்.

“பந்து மாதிரி ஒரு எலும்பு மேடம், அதைச் சுத்தி ஒரு பை. அந்தப் பை சுருங்கி ஒட்டிக்கிச்சு. அவ்ளோதான்.”

பக்கத்துக் கட்டில்காரர்தான் கலியமூர்த்தி. லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மூன்று ஏக்கர் நெல், நாற்பத்தேழு வயது. மாசி மாதத்தில் பைக்கில் வரும்போது ரோட்டில் கிடந்த மணலில் சறுக்கி விழுந்து, வலது மேல்கை எலும்பு உடைந்துவிட்டது. எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. கை மட்டும் மணிக்கட்டிலிருந்து தொங்கிப்போய்விட்டது. நிமிர்த்த முடியாது. விரல்களை நீட்ட முடியாது. வழியில் பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று தோள் துண்டை அதன் மேல் போட்டு மூடிக்கொண்டுதான் வருவார்.

“வாதம்னு நெனச்சுகிட்டு ஆளாளுக்கு ஒரு எண்ணெய் குடுத்து அனுப்புறாங்க மேடம். வீட்டுல பத்துப் பாட்டில் இருக்கு” என்றார் ஒரு நாள்.

நஸ்ரின் அவருடைய கையில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டுக் காட்டுவாள். மேல்கை எலும்பைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறதாம், பந்தக்காலைக் கொடி சுற்றுகிற மாதிரி. எலும்பு உடைந்த இடமும் நரம்பு சுற்றுகிற இடமும் ஒன்றாகிப்போனது. நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது.

“அண்ணே, கையைத் தூக்குற ஆளு கையில இல்ல. இங்க, முழங்கைகிட்ட உக்காந்திருக்கான்.” முன்கையின் மேல்பக்கத்தில் தட்டுவாள். “கயிறு மட்டும்தான் கைக்கு வருது. ஆளு நல்லாத்தான் இருக்கான். அவனுக்குத் தகவல் வரல, அதான் சும்மா இருக்கான்.”

“தகவல் எப்ப வரும்?”

“நரம்பு திரும்பவும் வளரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். உடைஞ்ச எடத்துலேருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. கணக்குப் பண்ணிக்குங்க.”

ஒரு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? ஓர் அரிசியின் பாதித் தடிமன் இருக்குமா? அன்று பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிடும்போது, வரப்பில் நடக்கும்போது, படுத்துத் தூங்கும்போது, உள்ளே ஓர் இழை ஒரு சத்தமும் இல்லாமல் வழி தேடி இறங்கிக்கொண்டிருக்கிறது. யாரும் அதைத் துரிதப்படுத்த முடியாது. அவர் உட்பட.

நீங்களும் ஒன்று செய்து பாருங்களேன். மணிக்கட்டை நன்றாகக் கீழே மடக்கிக்கொண்டு கையை இறுக்கி மூடுங்கள். முடியவில்லை, இல்லையா? மணிக்கட்டு நிமிர்ந்து நின்றால்தான் பிடியில் பலம் இருக்கும். இத்தனை வயதுக்கு எனக்கு இது தெரியாது. மண்வெட்டி பிடிக்கும் கலியமூர்த்திக்கும் விழுந்த பிறகுதான் தெரியும். மண்வெட்டி, மாட்டு மடி, சட்டைப் பொத்தான் எல்லாமே இடது கைக்கு மாறியிருந்தன.

அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். உள்ளங்கை மேலே பார்த்தபடி கையை நீட்டினால் எந்தக் குறையும் தெரியாது. பார்க்க அம்சமாக இருக்கும். கவிழ்த்தால் அந்த நொடியே மணிக்கட்டு துவண்டு விழும்.

“வாங்குறப்ப நல்லாத்தான் இருக்குங்க. குடுக்கறப்பதான் விழுந்துடுது” என்று கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

எத்தனையோ பேருடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இந்த மனுஷர் தன் கையைப் பற்றிச் சொல்கிறாரே என்று எனக்குத் தோன்றியது.

தினமும் அவர் முன்கையில் ‘கரண்ட்’ வைப்பார்கள். மெஷின் விட்டு விட்டு உதைக்கும்போது அந்தக் கை மெதுவாக நிமிரும், விழும். நிமிரும், விழும். திரை விலகியிருந்தால் நான் படுத்தபடியே மங்கலாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீருக்கடியில் ஏதோ செடி அசைவது போல இருக்கும். மெஷினை எடுத்துவிட்டு நஸ்ரின், “இப்ப நீங்க தூக்குங்கண்ணே” என்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையையே முறைப்பார். கை அப்படியே கிடக்கும்.

வைகாசி போனது. ஆனி போனது. ஆடிக் கடைசியில் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அதற்குள் எந்தத் தசையும் விழிக்கவில்லை என்றால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்க வேண்டுமாம். முன்கையின் முன்பக்கத்துத் தசைநாண் ஒன்றைப் பின்பக்கம் மாற்றித் தைப்பது.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள். கிளினிக் முடிந்து வழக்கம்போல இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் சத்திரம் வந்து இறங்கினோம். எனக்கு ஸ்ரீரங்கம் பஸ், அவருக்கு லால்குடி பஸ். அதற்குள் நான் ‘மேடம்’ என்பதிலிருந்து ‘அக்கா’வாக உயர்ந்திருந்தேன்.

“நாளையிலேருந்து வரலக்கா.”

“ஏங்க?”

“எத்தன மாசமா ரெண்டு பஸ் ஏறி வரேன். கரண்ட்டு வச்சாத் தூக்குது, எடுத்தா விழுது. அது மெஷினோட கை. என் கை இல்ல.”

“ஆடிக் கடைசில டாக்டர் பாக்கணும்னாரே?”

“பாத்தா ஆபரேஷன்தான் சொல்வாரு. அதையும் பண்ணி, அப்பவும் வரலன்னா? இருக்கறத வச்சு ஓட்டிக்கலாம். எடது கை இருக்குல்ல” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு என் பஸ்ஸில் ஏறியிருப்பேன்.

“முந்தாநாள் அசைஞ்சுதே, நீங்க கவனிக்கலயா?” என்றேன்.

என் வாய்தான் சொன்னது. நான் யோசிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டது.

“எது?”

“கைதாங்க. நஸ்ரின் மெஷினை எடுத்த அப்புறம். லேசா ஒரு துடிப்பு. நான் படுத்துகிட்டே பாத்தேன்.”

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நெசமாவாக்கா?”

“நெசமாத்தான்.”

லால்குடி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். துண்டை எடுத்துவிட்டு, கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்தது.

என் பஸ் பாலத்தில் ஏறியபோது காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாயங்கால வெயிலில் தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். முந்தின நாள் யாரோ விட்ட மாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம் எனக்கு மனசு லேசாகக்கூட இருந்தது. அம்மா மண்டபத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது... என்ன சொல்லிவிட்டேன்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். அதுவே பெரிய விஷயம்.

“நீ என்ன டாக்டரா? அந்த மனுஷன் நீ சொன்னதை நம்பி ஆபரேஷன் வேண்டாம்னு உக்காந்துட்டா?”

மறுநாள் கலியமூர்த்தி வந்திருந்தார். எனக்கு முன்பே வந்து கட்டிலில் படுத்திருந்தார். “வீட்டுல சொல்லிட்டேன்க்கா. செல்விக்கு ஒரே சந்தோஷம்” என்றார். செல்வி அவர் மனைவி.

நஸ்ரினைத் தனியாக அழைத்து உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“நரம்பு விஷயத்துல நாளு முக்கியம் மேடம். அசைஞ்சுதுன்னு நெனச்சு டாக்டர்கிட்ட போகாம விட்டுட்டா, அப்புறம் தச காத்திருக்காது. மெலிஞ்சு போயிடும்.”

“நான் அவர்கிட்ட சொல்லிடட்டுமா?”

“இப்ப சொன்னீங்கன்னா நாளைக்கே நின்னுடுவார். தேதி மாறாம டாக்டரைப் பாக்கணும்னு நான் சத்தியம் வாங்கிக்கறேன். அதுவரைக்கும் நீங்க சும்மா இருங்க. வேற எதையும் பாத்துடாதீங்க.”

அடுத்த எட்டு நாளும் அந்த மாடியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. சூட்டுப் பை வெறும் பாரமாகக் கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். எதை எண்ணினாரோ... மில்லிமீட்டரையோ, நாளையோ. சுவர்ப்படத்து மனிதரின் மஞ்சள் நரம்பை நான் மனசால் பிடித்துக் கீழே கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வேண்டுதல் மாதிரிதான். ரங்கநாதரிடம் போய் நிற்க அந்த வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் நஸ்ரின் அவருடைய முழங்கையை மடக்கச் சொன்னாள். கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வைத்து, தன் கையால் எதிர்த்து அழுத்தினாள். அவர் மடக்கினார். “இன்னொரு தரம்” என்றாள். பிறகு, “மேடம், இங்க வாங்க” என்று என்னைக் கூப்பிட்டாள்.

“இந்த எடத்துல வெரல வைங்க.”

முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் வெளிப்பக்கம். வைத்தேன்.

“மடக்குங்கண்ணே.”

தோலுக்கு அடியில் ஏதோ எழுந்தது. மெல்லிசாக, தயங்கித் தயங்கி. மூடிய கதவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த யாரோ புரண்டு எழுந்து உட்கார்ந்தது போல. விரலை எடுக்க எனக்கு மனசே வரவில்லை.

“தகவல் வந்து சேந்துடுச்சு” என்றாள் நஸ்ரின். “இதுதான் மொதல்ல முழிக்கிற தச. மணிக்கட்டு அப்புறந்தான்.”

கலியமூர்த்தி தன் கையைப் பார்க்கவில்லை. மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காதோரமாகக் கண்ணீர் இறங்கியது.

டாக்டர் ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். ஆவணி முழுக்கக் காத்திருந்தோம். ஆமாம், காத்திருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மாடியில் கழுத்து வலிக்காரர், முழங்கால் வலிக்காரர் எல்லோருமே அந்த மணிக்கட்டுக்காகக் காத்திருந்தார்கள். கடைசி வாரத்தில் ஒரு நாள், நான் தோள் பயிற்சிக்காகச் சுவரில் மாட்டிய மரப்படிகளில் விரல்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் திடீரென்று பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தேன். மேஜை விளிம்பில் கவிழ்த்து வைத்த கை நடுங்கி நடுங்கி நிமிர்ந்தது. இரண்டு விரற்கடை இருக்கும். மெஷின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. அது அவருடைய கை.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குக் கீழே டீக்கடையில் நின்றிருந்தோம். அவர் வலது கையில் கிளாஸ் இருந்தது. கட்டைவிரல் இன்னும் முழுசாக வரவில்லை என்றாலும் டீ சிந்தவில்லை. இனிமேல் அவர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்று நஸ்ரின் சொல்லிவிட்டாள். இன்று விட்டால் எப்போது சொல்வது?

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆடில ஒரு நாள், கை அசைஞ்சுதுன்னு சொன்னேன்ல... அது பொய்ங்க. நான் எதையும் பாக்கல.”

அவர் டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

“தெரியும்க்கா.”

“தெரியுமா?”

“சூட்டுப் பை வைக்கறப்ப கண்ணாடியக் கழட்டி உங்க பைக்குள்ள போட்டுடுவீங்க. அது இல்லாம எதிர்ல இருக்கற கடிகாரமே உங்களுக்குத் தெரியாது. தெனம் எங்கிட்டதான மணி கேப்பீங்க? அதுல என் கையில துடிச்சது மட்டும் எப்படித் தெரியும்?”

பிறகு எதற்காக மறுநாள் வந்தார் என்று கேட்டேன்.

“அன்னைக்கு வீட்டுக்குப் போய் செல்விகிட்ட சும்மாதான் சொன்னேன், அசைஞ்சுதாம்னு. நான் விழுந்ததுலேருந்து அவ ஒழுங்கா சாப்புட்டு நான் பாத்ததே இல்லக்கா. அன்னைக்கு ரெண்டாந்தரம் சோறு போட்டுகிட்டா. மறுநாள் நான் பொறப்படலன்னா, அது பொய்யின்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்ல? அதான் வந்தேன்.”

கிளாஸைக் கீழே வைத்தார். வலது கையால், கவிழ்க்காமல், மெதுவாக.

இந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று — பொய் சொல்லப் போகிறவர்கள் முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது நல்லது.