வேலுத்தாய் பெயருக்கு வரும் செய்தி

பாண்டிராஜ் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். கதவருகே சுவரில் அறைந்திருக்கும் செம்புத் தகட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, ஒரு மூச்சு விடும் நேரம் நிற்கிறார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறக்கிறார். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகிறவர்கள், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று இப்படிச் செய்வார்கள். இவர் போவது ஆமத்தூர்ப் பக்கம் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி அறைக்குள். இயந்திரம் பொருத்த வந்தவர்கள் தகட்டைப் பார்த்துச் சிரித்தார்களாம். "சிரிச்சிட்டுப் போறாக. எனக்கு இதைத் தொட்டாத்தான் உள்ள கால் வைக்க வருது" என்கிறார்.

வயது நாற்பத்திரண்டு. டீயில் ஆடை படிந்த பிறகுதான் குடிப்பார். இயந்திரத்தை 'அவன்' என்பார். அது மக்கர் செய்யும் நாளில் மட்டும் 'அவுக' ஆகிவிடும். அந்த அறையில் நாற்பது கணினிகள் ஒன்றாகக் கோக்கப்பட்டு, ஒரே பெரிய கணினியாக உழைக்கின்றன. எல்லாத் துறை ஆராய்ச்சியாளர்களும் அதில்தான் கணக்குப் போட வேண்டும். ஒருவருக்கு வேண்டிய மென்பொருளின் புதுப் பதிப்பு இன்னொருவருக்கு ஆகாது என்பதால் தினமும் பஞ்சாயத்துதான்.

அதற்கு அவர் கண்ட வழி கண்டெய்னர். ஒரு நிரலையும் அது ஓடுவதற்கு வேண்டிய சாமான்கள் அத்தனையையும் சேர்த்து, ஒரே கோப்பாகக் கட்டிச் சீல் வைத்துவிடுவது. வெளியே எதை மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது. பொது இயந்திரத்தின் முழு அதிகாரத்தை யாருக்கும் கொடுக்காமல், அவரவர் கண்டெய்னரை அவரவரே ஓட்டிக்கொள்ளலாம். இதைக் கட்டும் மென்பொருளுக்குக் காசு இல்லை. எந்தெந்த ஊரிலோ இருப்பவர்கள் எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். பாண்டிராஜும் அதில் நாலைந்து பிழைகளைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். "மருந்து ரூம் கணக்காத்தான் சார். ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்கும். ஒண்ணு போனாலும் பக்கத்து ரூம் நிக்கும்" என்று, அவரைப் பற்றி எழுத வந்த எனக்கு விளக்கினார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருடைய அக்கா வேலுத்தாய், எம். புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார். அக்காவுக்காகத்தான் பாண்டிராஜ் வெயில் கணக்கை ஆரம்பித்தார். வெக்கையில் மருந்து பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், பகலில் வெக்கை எவ்வளவு ஏறும் என்பதை இயந்திரம் விடிவதற்குள் கணக்கிட்டு, ஆலையில் வேலை செய்யும் அறுபத்து மூன்று பேருக்குக் காலை ஆறு மணிக்குச் செய்தி அனுப்பும். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். 'வேலுத்தாய், இன்னைக்கு மதியம் வெக்கை நாப்பத்தொண்ணு. பத்து மணிக்கு மேல மருந்து ரூமுக்குள்ள போகாதீக.'

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வேறொரு ஆராய்ச்சியாளர் கேட்டார் என்று பாண்டிராஜ் இயந்திரத்தில் ஒரு மென்பொருளைப் புதுப்பித்தார். அது வெயில் கணக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நிரல் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. சனிக்கிழமை காலை யாருக்கும் செய்தி போகவில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு மருந்து அறை வெடித்தது. உள்ளே வேலுத்தாய் இருந்தார்.

செய்தி போயிருந்தாலும் ஃபோர்மேன் அவரை உள்ளே போக விடாமல் இருந்திருப்பாரா, தெரியாது. இதை நானும் சொல்லிப் பார்த்தேன். அக்காவின் கணவர் முனியராஜும் சொல்லியிருக்கிறார்: "சீசன் லோடு மாப்ள. மெசேஜ் வந்திருந்தாலும் போயிருப்பா." பாண்டிராஜ் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். ஆனால் அடுத்த மாதமே வெயில் கணக்கைக் கண்டெய்னருக்குள் வைத்துச் சீல் வைத்துவிட்டார். இனி எவர் எதைப் புதுப்பித்தாலும் அது நிற்காது.

அதில் ஒரு தப்பு செய்தார். அடிக்கடி மாறுகிற பட்டியலைக் கண்டெய்னருக்கு வெளியே வைக்க வேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்கிறவர், பழைய பெயர்ப் பட்டியலை அப்படியே உள்ளே வைத்துக் கட்டிவிட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, வீட்டு மாடத்தில் இருந்த வேலுத்தாயின் போன் அடித்தது. முனியராஜ் பாண்டிராஜைப் போனில் கூப்பிட்டார். பாண்டிராஜ், இப்பவே திருப்பிக் கட்டிப் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார். "இருக்கட்டும் மாப்ள" என்று சொல்லி முனியராஜ் போனை வைத்துவிட்டார்.

அப்படியே மூன்று கோடை போயிற்று. முனியராஜ் அந்த போனுக்குத் தவறாமல் சார்ஜ் போட்டு வைத்தார். மாடத்தில் ஆறு மணிக்கு அது அடித்த பிறகுதான் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பார்கள்.

இப்போது கல்லூரிக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. அதன் மூளையான சில்லு வேறு ஜாதி. பழைய கண்டெய்னர் அதில் ஓடாது. இந்த வாரத்துக்குள் புதிதாகக் கட்டியாக வேண்டும். பட்டியலைத் தெரிந்தே எழுத வேண்டும் என்பதால், போன தடவை போல இந்தத் தடவை கைத்தவறு என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டிக்குப் போனார். நானும் கூடப் போனேன். "அக்கா பேரை என்ன செய்ய மச்சான்?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

 "எடுத்துரு மாப்ள" என்றார் முனியராஜ். "நம்பர் மட்டும் இருக்கட்டும். சினேகா திங்கக்கிழமையிலருந்து அதே பட்டாசுக் கம்பெனிக்குப் போறா. அவ அம்மா போனைத்தான் எடுத்துட்டுப் போகப்போறா."

பாண்டிராஜ் எழுந்து உள்ளே போனார். வேறு வேலை பார்த்துத் தருகிறேன், ஒரு வருடம் பொறு என்று அக்கா மகளிடம் கெஞ்சியது வாசல் வரை கேட்டது. சினேகாவுக்குப் பத்தொன்பது வயது. அவள் குரலை உயர்த்தவில்லை. "அம்மாகூட வேல பாத்தவுக எல்லாம் அங்கனதான் இருக்காக மாமா. அம்மாவைப் பத்திப் பேச எனக்கு வேற யார் இருக்கா?" என்றாள்.  திரும்பி வரும் வழி முழுக்க பாண்டிராஜ் பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். உட்கார இடம் இருந்தது.

அன்று மதியமே கல்லூரிக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். அவருடைய மேசை இருப்பது இயந்திர அறைக்கு வெளியே. பட்டியலைத் திறந்தார். எழுத்து எழுத்தாக அழிந்து, அக்காவின் எண்ணுக்கு முன்னால் இருந்த பெயர் இல்லாமல் போயிற்று. திரையில் கர்சர் கோடு அந்த இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது. சினேகா என்று எழுதப் போன கையை எடுத்துக்கொண்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, சட்டையில் கைகளைத் துடைத்துக்கொண்டு கதவருகே நடந்தார். செம்புத் தகட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து நின்றார். பிறகு திரும்பி வந்து அந்தப் பெயரை எழுதினார்.