காரைச் சரித்த கொன்ஸ்ரன்ரைன்

மன்னாரில் மீன்பிடிக்கிற ஊரான பள்ளிமுனையில் பிறந்த ஆம்பிளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் யார் நம்புவார்கள்? கொன்ஸ்ரன்ரைனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீந்தத் தெரியும், வலை பொத்தத் தெரியும், காற்றின் குணம் தெரியும். ஆனால் கரை கண்ணுக்கு மறையுமுன்பே வயிறு புரட்டத் தொடங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தியெடுப்பார். கல்யாணமான புதிதில் மனைவியின் தமையன் பெனடிக்ற்றின் வள்ளத்தில் சில வருடம் போய்வந்தார். பெனடிக்ற் சம்மாட்டி, சொந்தமாக வள்ளங்களும் ஆட்களும் வைத்திருந்தவர். கொன்ஸ்ரன்ரைன் சத்தியெடுக்கிற இடத்தில்தான் மீன் கூடப் படுகிறது என்று அந்த ஆட்கள் பகிடி விடுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் மனைவி அன்ரோனெற்றுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

தகப்பன் இறந்து, தென்னங்காணியில் பங்கு வந்ததும் அதை விற்றார். மாற்றலாகிப் போன ஒரு டொக்டரிடம் பழைய ஒஸ்ரின் ஏ-40 காரை வாங்கினார். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவரோ கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, இந்தக் கார் ஓடுகிற காலம்வரைக்கும் வள்ளத்தில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதை நேர்த்தி என்றும் சொல்லலாம், பயந்த மனிதன் தனக்குத் தேடிய காவல் என்றும் சொல்லலாம். எப்படியோ, ஆஸ்பத்திரிக்கும் மடு மாதா கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு ஆளேற்றி ஹயர் ஓடிக் குடும்பம் நடந்தது.

பிறகு எழுபதுகள் வந்தன. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி நின்றது. கொழும்பில் கிடைக்காத காருறுப்பு மன்னாரில் எப்படிக் கிடைக்கும்? கார் வைத்திருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்நேரங்களில் கொன்ஸ்ரன்ரைனின் வளவில் கூடுவார்கள். கடைவீதியில் புடைவைக்கடை வைத்திருந்த ஜுனைதீனிடமும் ஒரு ஏ-40 இருந்தது. தெருப் போடும் பகுதியில் ஓவசியராயிருந்த தோமஸிடம் ஒரு மொறிஸ் மைனர். பெற்றோல் தாங்கி ஒழுகினால் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைத்தார்கள். மழைக்கு வைப்பர் வேலை செய்யாவிட்டால் கண்ணாடியில் ஈரப் புகையிலையைப் பூசினார்கள். றேடியேற்றர் ஒழுகினால் முட்டை வெள்ளைக்கருவை ஊற்றினார்கள். சூட்டில் அது வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

"பிள்ளையளுக்குக் குடுக்க முட்டையில்லை. கார் குடிக்குது," என்று அன்ரோனெற் கோழிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லுவாள். நியாயமான பேச்சு. அந்தக் காலத்தில் அவளுடைய பேடுகள் இட்ட முட்டையில் பாதியாவது அந்த றேடியேற்றருக்குள்தான் போயிருக்கும்.

அவர்களிடையே எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. ஒரு கார் இனி ஓடாது என்றானால் அதை வெளியூர்க்காரனுக்கு விற்கக்கூடாது. மற்றவர்கள் வந்து அவரவருக்கு வேண்டியதைக் கழற்றிக்கொள்ளவேண்டும். செத்த கார் மற்றக் கார்களில் ஓடும் என்பார் தோமஸ். அதைச் சொல்லும்போது எல்லாரும் அடுத்தவன் காரைத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

மன்னாரில் காருக்கு எதிரி உப்பு. கொன்ஸ்ரன்ரைன் மீன்கூடை ஏற்றக் கடற்கரை ஈரமணல்வரைக்கும் காரை இறக்குகிறவர், சொல்லவே வேண்டாம். துருவை நிறுத்த அவர் கண்ட மருந்து சுறா எண்ணெய். வள்ளத்துக்குப் பூசுகிற அதே எண்ணெயைக் காரின் அடியில் பூசினார். நாற்றத்துக்கு ஊர்ப்பூனைகள் எல்லாம் காருக்குக் கீழே குடியிருந்தன. ஹயருக்கு ஏறிய மணப்பெண் ஒருத்தி கோவில்வரைக்கும் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். ஆனால் எண்ணெய் பட்ட இடத்தில் துரு நின்றது உண்மை. ஜுனைதீனும் தோமஸும் ஆளுக்கொரு போத்தல் வாங்கிப்போனார்கள். அன்றைக்கு நம்மாளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வந்த வினை அந்த நிமிர்வில்தான் தொடங்கியது.

மணலில் மல்லாந்து கிடந்து பூசினால் எண்ணெய் கண்ணிலும் வாயிலும் வடிகிறது. மூலைகளுக்குக் கை எட்டுவதுமில்லை. வள்ளத்துக்கு எண்ணெய் பூச அதைச் சரித்துத்தானே போடுகிறோம், காருக்கு என்ன வந்தது என்று அவருக்குத் தோன்றியது. பற்றறியை இறக்கினார். பெற்றோலையும் எஞ்சின் ஒயிலையும் வடித்தார். உயிலங்குளத்து வைக்கோலும் பழைய வலைகளும் பரப்பினார். ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்த ஆட்கள் தோள் கொடுக்க, கார் சத்தமில்லாமல் பக்கவாட்டில் சரிந்து படுத்தது.

ஜுனைதீனுக்குப் பிடிக்கவில்லை. "கொன்ஸ்ரன்ரைன், இது வள்ளமில்ல. பூசினதும் நிமித்திப்போடுங்க," என்றார்.

"நிமித்தினா எண்ணெய் வடிஞ்சுபோகும். ஊற வேணும்."

"மரம் ஊறும். இரும்பு என்னெண்டு ஊறும்?"

"நீங்கள் புடைவை விக்கிற ஆள், ஜுனைதீன். உங்களுக்கு இது விளங்காது," என்று கொன்ஸ்ரன்ரைன் சிரித்தார். அடிப்பாகம் முழுவதும் முதல்முறையாகக் கண்ணுக்கு முன்னே கிடந்தது. ஆசைதீரச் சுரண்டி, ஆசைதீரப் பூசினார். வள்ளத்தை விடுவதுபோல அடுத்த ஞாயிறுவரைக்கும் அப்படியே விட்டார்.

வள்ளத்தின் பக்கம் மணலில் கிடந்து பழகியது. காரின் பக்கமோ கதவும் தகரமும். அதற்குள்ளே, எந்த எண்ணெயும் எட்டாத பொந்துகளில், உப்பு வருடக்கணக்காகத் தின்றுகொண்டிருந்தது. அதன்மேல் முழுப்பாரமும் ஒரு கிழமை கிடந்தது. நிமிர்த்தியபோது கூரை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நாலு கதவில் ஒன்றையும் பூட்டமுடியவில்லை. தோமஸ் கீழே குனிந்து பார்த்தார். அடிச்சட்டம் முன்சில்லுக்குக் கிட்ட வெடித்திருந்தது. ஒட்டுவேலைக்காரனைக் கூட்டிவந்தார்கள். அவன் சுத்தியலால் தட்டத் தட்டத் தகரம் செதிலாகக் கொட்டியது. நெருப்புப் பிடிக்க நல்ல இரும்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எவரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

சட்டம் சட்டம்தானே. அடுத்த ஞாயிறு ஜுனைதீனும் தோமஸும் மரை கழற்றும் சாவிகளோடு வந்தார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள்போல வாசலில் நின்று செருமினார்கள். அன்ரோனெற் தேத்தண்ணி கொடுத்தாள். தோமஸ் விளக்குகளையும் பற்றறியையும் எடுத்தார். ஜுனைதீன் சில்லுகளையும் கண்ணாடியையும் கழற்றினார். எஞ்சினும் முறைப்படி ஜுனைதீனுக்குத்தான். அவருடைய எஞ்சின் ஏற்கனவே இருமிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் கொன்ஸ்ரன்ரைனின் எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, கையை எடுத்துவிட்டார்.

"இதை வச்சிருங்க. எங்கயாவது எஞ்சின் இல்லாத ஒரு கார்ப்பொடி, வெறுங்கூடு கிடைச்சா நீங்க திரும்பியும் ஓடலாம்."

அதைவிடப் பெரிய உதவியை எந்தக் கூட்டாளியும் செய்யமுடியாது. கொன்ஸ்ரன்ரைன் எஞ்சினைச் சாக்கால் மூடி வளவில் வைத்து, வவுனியாவரைக்கும் பொடி தேடினார். கிடைக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரியும் நாட்கள் குறைந்துகொண்டு வந்தன.

அப்போதுதான் பெனடிக்ற் வந்தார். பெரிய வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டவேண்டும் என்று கனகாலமாக யோசித்துக்கொண்டிருந்தவர். சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"மச்சான், இதை வள்ளத்திலை இறக்குவம். படுற மீனிலை எஞ்சினுக்கெண்டு ஒரு பங்கு உமக்கு. நீர் கடலுக்கு வரத் தேவையில்லை."

கொன்ஸ்ரன்ரைன் ஓம் என்றார். தானே நின்று பூட்டியும் கொடுத்தார். கரையில் எஞ்சின் அருமையாக வேலை செய்தது. கடலில் முதல்நாளே நின்றது. பாய் விரித்துத் திரும்பினார்கள். அடுத்தமுறை நடுக்கடலில் நின்று, ஆட்கள் கை கொப்பளிக்கத் தண்டு வலித்து வந்தார்கள். கரைக்கு வந்ததும் அவர் குனிந்து காது கொடுப்பார், ஒரு கம்பியை நெளிப்பார், ஒரு தகரத் துண்டை நகர்த்துவார். அது உடனே முழங்கும். அத்தனை வருடம் சவர்க்காரத்தாலும் தகரத்தாலும் ஒப்பேற்றிய எஞ்சின் எப்படி நடக்கும் என்பது ஒப்பேற்றியவருக்குத்தான் தெரியும். சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். ஒருவருக்கும் பிடிபடவில்லை.

ஒருநாள் பொழுதுபடப் பெனடிக்ற் வந்து கதிரையில் இருந்தார். பகிடி விடவில்லை.

"மச்சான், அது உம்மடை கைக்குத்தான் அடங்குது. ஆக்கள் பயப்பிடுகினம். நீர் வராட்டி நான் அதைக் கழட்டத்தான் வேணும்."

கொன்ஸ்ரன்ரைன் குசினிப்பக்கம் பார்த்தார். அன்ரோனெற் இவர்கள் கதைப்பது கேளாததுபோல ஒரு பானையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாறன்," என்றார்.

விடியுமுன்பே அவள் எழுந்து பிட்டு அவித்துச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, சம்பலும் வைத்து அவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இஞ்சருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"வேண்டாம்," என்றார் அவர். "திண்டாலும் அது கடலுக்குத்தான் போகும். கரைக்கு வந்து சாப்பிடுறன். இனிமேல் காலமையிலை எனக்கெண்டு ஒண்டும் செய்யாதை."

அவர் போனபிறகு அன்ரோனெற் அந்தக் கோப்பைக்கு முன்னால் இருந்து அழுதாள். பிறகு பிட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள்.