சாயங்காலம் மட்டும் காணாமல் போகும் வைஃபை

லேப்டாப் ரிப்பேர் கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, "நான் ஒண்ணுமே பண்ணல" என்பதுதான். வியாதியைச் சொல்வது அதற்கப்புறம்.

என் கடை படப்பையில் இருக்கிறது. ஆதார் கார்டு என் வயதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், நம்பாதீர்கள். முன்பு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருந்தேன். ஒரு ரோபோவுக்கு விக்கல் வந்து லைனே நின்றபோது, ஒரு சொம்புத் தண்ணீரைக் காட்டியே அதை நிறுத்தியவன் நான். அந்த அனுபவம்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

உங்கள் லேப்டாப்பும் ஒருநாள், "புது வெர்ஷன் வந்திருக்கிறது, போடட்டுமா?" என்று பவ்யமாகக் கேட்டிருக்கும். நீங்களும் போட்டுத் தொலை என்று அமுக்கியிருப்பீர்கள். மறுநாள் வைஃபை போயிருக்கும். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள். பக்கத்துக் கட்டில்காரன் கதை என்று நினைத்துக் கேளுங்கள்.

கேட்டில் அமுக்கியது

சேகர் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். லேப்டாப்போடு உள்ளே போவதானால் கேட்டிலேயே வைஃபையை அணைத்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவரும் தினமும் விமானப் படம் போட்ட பட்டனை அமுக்கி, செக்யூரிட்டியிடம் காட்டிவிட்டுப் போவார். ஒருநாள் உள்ளே இருந்தபடியே கேபிள் போட்டுப் புது வெர்ஷனுக்கு மாறியிருக்கிறார். சாயங்காலம் வெளியே வந்து பட்டனை அமுக்கினால், வைஃபை திரும்பி வரவில்லை.

பட்டனில் கோளாறு இல்லை. பட்டனை அமுக்கினால் அதை உள்ளே போய்ச் சொல்ல ஒரு ஆள் உண்டு, டிரைவர் என்று பெயர். புது வெர்ஷன் வந்ததும் பழைய டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நான் செட்டிங்ஸ் வழியாகப் போய் வைஃபையைத் திறந்துவிட்டு, அந்த ஆளையும் திரும்ப வேலைக்குச் சேர்த்தேன். சேகர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பெரியவரே, டூட்டி முடிஞ்சா எங்க செக்யூரிட்டிகூட கேட்டைத் தொறந்து வுட்ருவான். இது இன்னா, வெளிய வந்தும் உள்ளயே கீது?"

நெட் வர நெட் வேண்டும்

இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கார் பாகம் செய்கிற கம்பெனியில் காண்ட்ராக்டில் லைனில் நிற்கிறான். காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு கம்பெனியில் நிரந்தர வேலை ஒன்று காலி, தரம் பார்க்கிற குவாலிட்டிப் பிரிவில். அதற்கு வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு லேப்டாப்பிலேயே இன்டர்வியூ. டிராயிங்கைத் திரையில் காட்டி விளக்க வேண்டுமாம், போனில் முடியாது. போதாததற்கு அவன் ரூம் ஏரிக்கரையை ஒட்டி; போன் சிக்னல் அங்கே வந்தாலும் தங்காது.

புது வெர்ஷன் போட்டதிலிருந்து வைஃபை பட்டியலே காலி. திறந்து பார்த்தேன், வைஃபை டிரைவரைக் காணோம். அதை இறக்க நெட் வேண்டும் என்றேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவன் போனையே கேபிளில் லேப்டாப்போடு சேர்த்து, போனின் நெட்டில் டிரைவரை இறக்கினேன். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் உள்ள அத்தனை வைஃபையும் திரையில் வரிசை கட்டி நின்றது.

"நெட்டு வரணும்னா நெட்டு வேணுங்கீய. எங்க காண்ட்ராக்டரும் இப்படித்தாம் தாத்தா. அனுபவம் இருந்தாத்தான் வேலைங்காரு, வேலை குடுத்தாத்தான அனுபவம் வரும்?"

கடையில் நல்ல பிள்ளை

திங்கட்கிழமை மறுபடி வந்தான். பகலில் இருக்கிற வைஃபை சாயங்காலம் போய்விடுகிறதாம். கடையில் வைத்துப் பார்த்தால், ஹெட்மாஸ்டர் அறையில் நிற்கிற பிள்ளை போல அத்தனை ஒழுங்கு. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில லேப்டாப் வைஃபையைத் தூங்க வைத்துவிடும். அந்த டிக்கை எடுத்தேன். அவன் ரூம் வைஃபையின் பாஸ்வேர்டையும் அழித்துவிட்டு மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமையும் வந்து நின்றான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைக்காரன் அதைச் சொல்லலாமா? "சாயங்காலம் ஷிஃப்ட் பஸ் எல்லாம் திரும்புதில்ல? அத்தனை பேர் போன் சிக்னலும் ஒரகடம் ஜங்ஷன்ல முட்டிக்கினு நிக்கும். உன் வைஃபையும் அதுலதான் மாட்டிக்கினு இருக்கு" என்றேன். பாதி நம்பினான்.

"நாளைக்கழிச்சு வியாழக்கெழமை தாத்தா. டிராபிக்ல மாட்டுனா அந்த சார் நமக்காண்டி காத்துக்கிட்டா இருப்பாரு?"

பீரோவுக்குப் பின்னால்

அந்தக் கேள்வி என்னைப் புதன்கிழமை சாயங்காலம் அவன் ரூமுக்கே கிளப்பிவிட்டது. வீட்டுக்காரம்மா பிலோமினாவும் குடும்பமும் கீழே. மாடி ரூம் இவனுக்கு. மேசை, ஒரு இரும்பு பீரோவின் முதுகுக்குப் பின்னால். பீரோவை நகர்த்தினோம். அடைபட்டிருந்த சிக்னல் குளவிக் கூட்டம் போல ரூமெல்லாம் பறந்தது. அவன் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வைஃபை ஜம்மென்று ஏறியது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஏழு அடித்தது. வைஃபை போயிற்று. கீழே செபமாலை ஆரம்பித்தது.

இறங்கிப் போனேன். மாதா படத்துக்குக் கீழே, மாடிக்கும் சேர்த்து வைஃபை கொடுக்கிற ரௌட்டர் பெட்டி, ஒரு விளக்கும் எரியாமல் இருந்தது. தினமும் செபத்துக்கு உட்காரும்போது அணைத்துவிட்டு, ராத்திரி சாப்பாடு முடிந்தபிறகுதான் போடுவார்களாம். இத்தனை மாதமும் இசக்கிமுத்து செகண்ட் ஷிஃப்ட். அந்த நேரத்தில் லைனில் நிற்பான். போன வாரம்தான் காலை ஷிஃப்ட்டுக்கு மாற்றினார்கள், மதியமே ரூமுக்கு வந்துவிடுகிறான். புது வெர்ஷன் போட்டதும் அதே வாரம். பழி லேப்டாப் மேல் விழுந்துவிட்டது.

செபம் முடிந்ததும் இன்டர்வியூ விஷயத்தைச் சொன்னேன். பிலோமினா தன் மகனைப் பார்த்து முறைத்தார்.

"கண்ணை மூடிக்கினு ஜெபம் சொல்றான்னு பாத்தா, கட்டைவெரலு மட்டும் ஆடிக்கினே கீதுண்ணே! அந்தப் பொட்டிய அணைச்சாதான் என் புள்ளைக்கு பக்தியே வருது."

வியாழக்கிழமை

மறுநாள் மகனுடைய போன் அலமாரிக்குள் போனது, ரௌட்டர் எரிந்தபடி இருந்தது. நான் மாடிப்படியில் காவல். கீழே அன்றைய செபம் முழுக்க இசக்கிமுத்துவுக்காக. அதனால் சத்தமும் கொஞ்சம் கூடுதல். இன்டர்வியூ எடுத்தவர் அது என்ன சத்தம் என்று கேட்டுவிட்டார். "கீழ் வீட்டுல எனக்காண்டி ஜெபம் பண்ணுதாங்க சார்" என்று இவன் உள்ளதைச் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, டிராயிங்கைக் காட்டச் சொன்னார். கடைசிவரை நெட் ஒருமுறைகூட அறுபடவில்லை.

வேலை கிடைத்தது. ஆர்டர் வந்த அன்று இனிப்புப் பெட்டியோடு இசக்கிமுத்துவும் பிலோமினாவும் கடைக்கே வந்தார்கள். பீரோவை நகர்த்திய என் மதிநுட்பத்தை நான் விளக்க ஆரம்பித்தேன். இவன் குறுக்கே புகுந்து, ஊரில் இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்ததைச் சொன்னான். பிலோமினா எங்கள் இரண்டு பேரையும் கையமர்த்தினார்.

"நீங்க பீரோவை நகுத்தினீங்க, இவன் அம்மனுக்கு வேண்டிக்கினான், நாங்க மாதாவைக் கேட்டோம். எல்லாம் சரி, அன்னிக்கு அந்தப் பொட்டிய அணைக்காம வுட்டது யாரு? அத்த மொதல்ல சொல்லுங்கண்ணே!"

லேப்டாப்பில் எது கெட்டது என்று கேட்டால் எப்படியாவது சொல்லிவிடுவேன், எதனால் சரியானது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.